சரத்தைக் கழற்றிவிடுகிறேன், சாப்பாட்டு டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்கள்

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், நம் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் எல்லோருக்கும்,

வணக்கம்.

போன வாரம் உங்கள் குழுவிடமிருந்து இரண்டு தாள்கள் என் கைக்கு வந்தன. ஒன்று எனக்கே எழுதியது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் போட்ட விதி அது, பதினைந்து நாளுக்குள் எடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. இன்னொன்று பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பியது. ஏழாம் வகுப்புப் பாப்பா ஒன்று மழைக்கு என் டீக்கடையில் ஒதுங்கியபோது நோட்டுக்குள் இருந்து எடுத்துக் காட்டியது. மதிய உணவுக்கும் மாலைச் சிற்றுண்டிக்கும் ஐந்து நாள் பட்டியல்.

முதல் தாளுக்குப் பதில் சுருக்கமானது. கடை முகப்பில் தொங்கும் பாக்கெட் சரத்தை எடுத்துவிடுகிறேன். என் கடைக்கும் உங்கள் கேட்டுக்கும் நடுவில் முப்பது காலடிகூட இல்லை. பத்து ரூபாய்ப் பாக்கெட்டை விற்றால் எனக்கு ஒன்று, ஒன்றேகால் ரூபாய் நிற்கும். அதை வைத்து நான் மாடி கட்டவில்லை. பாக்கெட் தின்பது நல்லதில்லை என்று எனக்கும் தெரியும், என் பேத்திக்கு நான் கொடுப்பதில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை.

இரண்டாவது தாளைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்தப் பட்டியலில் திங்கள்கிழமை காய்கறி சாண்ட்விச், செவ்வாய் பனீர் ரோல், புதன் தேங்காய்ச் சாதம், வியாழன் தயிர்ச்சாதமும் மாதுளையும், வெள்ளி ப்ரோக்கோலி போட்ட ஃபிரைடு ரைஸ். யாரோ நல்ல மனசோடு எழுதியதுதான். ஆனால் எழுதியவர் கோத்தகிரியில் ஒரு டிசம்பர் மாதம் இருந்தவர் இல்லை. இருந்திருந்தாலும் காலை ஆறு மணிக்கு அடுப்பு முன்னால் நின்றவர் இல்லை.

நான் பதினெட்டு வருஷமாக அந்தக் கேட்டுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் என் கடைப் பெஞ்சில் டப்பாவைத் திறந்து, மிச்சத்தை ஓடையில் தட்டுகிறார்கள். வீட்டுக்கு மிச்சம் கொண்டுபோனால் அம்மா திட்டுவாள் என்ற பயம். ஆகவே எந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், அதில் எவ்வளவு உள்ளே போனது என்று அம்மாக்களைவிட எனக்குத் துல்லியமாகத் தெரியும். முக்கால் டப்பா சோறு ஓடைக்குப் போகிறது. தட்டிய கையோடு கடைக்குள் திரும்பி, "அத்தை, ஒரு பாக்கெட்" என்கிறார்கள். நீங்கள் பார்ப்பது பாக்கெட்டை. நான் அதற்கு முந்தின நிமிஷத்தைப் பார்க்கிறேன்.

ஏன் தட்டுகிறார்கள்? கொழுப்பெடுத்து இல்லை. அந்தச் சோற்றைத் தின்ன முடியாது, அவ்வளவுதான்.

ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிற பிள்ளைக்கு ஆறரைக்குள் டப்பா மூடியாக வேண்டும். நீங்கள் மதியம் மணி அடிப்பது பன்னிரண்டே முக்காலுக்கு. ஆறு மணி நேரம் எவர்சில்வர் டப்பா, பைக்குள், ஜன்னல் சாத்தாத வகுப்பில். கீழே மேட்டுப்பாளையத்தில் அதே டப்பா மதியம்வரை வெதுவெதுப்பாக இருக்கும். இங்கே பதினோரு மணிக்கே கல். சோறு ஆற ஆற அதிலுள்ள மாவுச்சத்து இறுகும், குளிர் கூடினால் இன்னும் சீக்கிரம் இறுகும். ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்த சோற்றைக் காலையில் கையால் பிசைந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நம் பிள்ளைகள் கார்த்திகை தொடங்கி மாசிவரை அந்தச் சோற்றைத்தான் தின்கிறார்கள்.

அடுத்தது எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நம் ஊரில் 24 டிகிரி என்பது சித்திரை மத்தியானம். ரேஷன் பாமாயில் மார்கழியில் பாக்கெட்டுக்குள்ளேயே நெய் மாதிரி கட்டிக்கொண்டு நிற்கும், கத்தரித்து ஸ்பூனால் வழித்துத்தான் சட்டியில் போட வேண்டும். வனஸ்பதியைச் சொல்லவே வேண்டாம். உங்கள் புதன்கிழமைத் தேங்காய்ச் சாதத்தை இந்த எண்ணெய்களில் தாளித்துப் பாருங்கள். மதியம் திறந்தால் பருக்கை பருக்கையாக வெள்ளை மெழுகு பூத்திருக்கும். அண்ணத்தில் ஒட்டும். எட்டு வயதுப் பிள்ளை அதை எப்படி விழுங்கும்?

இதில் வியாழக்கிழமை தயிர்ச்சாதம் வேறு. மார்கழியில் இங்கே பால் உறையவே ஒன்றரை நாள் ஆகிறது.

கடைசியாக ஒன்று. இதை எந்த டாக்டரும் சொல்லி நான் கேட்டதில்லை. கை. உங்கள் கைகழுவும் குழாயில் டிசம்பர் மாதத் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள், விரல் மரத்துவிடும். கழுவாமல் சாப்பிடக் கூடாது என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கழுவினால் விரல் மடங்காது. மடங்காத விரலால் கல்லாகிப் போன சாம்பார்ச் சாதத்தைப் பிசைய முடியுமா? பிள்ளைகள் ரெண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கழுவுவதுமில்லை, சாப்பிடுவதுமில்லை, ஸ்வெட்டர் கைக்குள் விரலை இழுத்துக்கொண்டு, பாக்கெட்டைப் பல்லால் கிழித்து வாயில் கவிழ்த்துக்கொள்கிறார்கள். பாக்கெட்டுக்குக் கை வேண்டியதில்லை. அந்தக் கம்பெனிக்காரன் நம் மலையைப் பார்த்து அப்படிச் செய்யவில்லை. ஆனால் நம் மலைக்கு அவன் சரக்குத்தான் தோதாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

இடையில் ஒரு வேடிக்கை. மேட்டுப்பாளையத்தில் ஏற்றும்போது அந்தப் பாக்கெட்டுகள் சாதாரணமாகத்தான் இருக்கும். வேன் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக ஏற ஏற, வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, பாக்கெட் உப்பிக்கொண்டே வரும். கோத்தகிரிக்கு வந்து சேரும்போது தலையணை. சின்னப் பிள்ளைகள் அதிலேயே பெரிதாக உப்பியதைப் பார்த்துப் பொறுக்கி எடுக்கும், உள்ளே நிறைய இருக்கிறதென்று. நம் தோட்டத்து உருளைக்கிழங்கு லாரியில் மூட்டையாக இறங்குகிறது. மலைக்குத் திரும்பி வருவது காற்று.

என் அம்மா தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்தவர். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, 1964-ல் போட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இந்தப் பக்கம் அனுப்பப்பட்ட குடும்பம். அங்கேயும் மலை, அங்கேயும் குளிர். அதனால் அம்மாவுக்குக் குளிர்ச் சாப்பாட்டின் சூட்சுமம் தெரியும். காட்டுக்குச் சோறு கொண்டுபோக மாட்டார். ரொட்டிதான். கோதுமை மாவில் ஒரு கை தேங்காய்த் துருவல், உப்பு, வெங்காயம், பச்சை மிளகாய், வெந்நீர் விட்டுப் பிசைந்து உள்ளங்கை கனத்துக்குத் தட்டி, கல்லில் போட்டு எடுப்பார். கூடவே தேங்காய்ச் சம்பல், துணியில் சுற்றிய பாட்டிலில் சாயத் தண்ணி, அதாவது பால் விடாத டீ. ஆறினாலும் அந்த ரொட்டி ரொட்டிதான். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளலாம், பிசைய வேண்டாம், கை நனைய வேண்டாம். நான் பள்ளிக்கு அதைக் கொண்டுபோனபோது மற்றப் பிள்ளைகள் "சிலோன் ரொட்டி" என்று சிரித்தார்கள். ரெண்டு நாள் கழித்து அவர்களே பாதி கேட்டார்கள் என்பது வேறு கதை.

படுகர் வீடுகளிலும் இதே அறிவு உண்டு. ராகி ஹிட்டு என்கிற களியும் அவரை உதக்க என்கிற குழம்பும் சுடச்சுடத் தின்கிற சாப்பாடு. அதை டப்பாவில் போடுவதில்லை. வெளியூருக்கும் வேலைக்கும் போகிறவர்கள் கையில் எடுத்துப்போனது ஹச்சிகெ மாதிரியான வறுத்த தானியப் பண்டங்கள், இல்லையென்றால் எண்ணெயில் சுட்ட மாவுப் பண்டம். எதைச் சூடாகத் தின்பது, எதை ஆற வைத்துத் தின்பது என்று இந்த மலையில் முன்பே பிரித்து வைத்திருந்தார்கள். நடுவில் நாம் எல்லோரும் கீழ்நாட்டுக்காரர்கள் போல டப்பாவில் சோறு கட்ட ஆரம்பித்தோம். தப்பு சோற்றின் மீது இல்லை, டப்பாவின் மீது.

பெற்றோரே, இனி உங்களுக்கு. உங்களில் பாதிப் பேர் ஏழரைக்குக் காட்டில் நிற்க வேண்டியவர்கள். அந்த நேரத்தில் பனீர் ரோல் சுருட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். நான் ஓடையில் பார்க்காத சாப்பாடுகள் எவை என்று மட்டும் சொல்கிறேன். பதினெட்டு வருஷத்தில் அவை திரும்பி வந்து நான் பார்த்ததே இல்லை.

பொடி இட்லி. நல்லெண்ணெயில் குழைத்துப் புரட்டியது. நல்லெண்ணெய் நம் குளிருக்கு உறைவதில்லை, கடலை எண்ணெயும் பெரும்பாலும் அப்படித்தான். அதனால் இட்லி ஆறினாலும் மெத்தென்று இருக்கும். குளிர்காலத்தில் மாவு புளிக்க மாட்டேன் என்கிறது என்பீர்கள். அரைக்கும்போதே வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள், பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்புத் திண்டில் வையுங்கள். ஒரு ராத்திரி போதாது, மறுநாள் காலைக்குத் தேவையானதை முந்தின நாள் காலையிலேயே அரைத்துவிட வேண்டும். தோசை வேண்டவே வேண்டாம். ஆறிய தோசையும் செருப்புத் தோலும் ஒன்று.

உருளைக்கிழங்கு பிசைந்த சப்பாத்தி. அவித்த கிழங்கு ஒன்றை மாவோடு சேர்த்துப் பிசைந்தால் மாலைவரை விறைக்காது. கிழங்குக்கு நமக்கென்ன பஞ்சம்? முத்தோரையில் 1957 முதல் உருளைக்கிழங்குக்கென்றே ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிற மாவட்டம் இது. இதே வித்தை கேழ்வரகு ரொட்டிக்கும் ஆகும். வெறும் ராகி மாவைத் தட்டினால் ஓடு மாதிரி உடையும், கிழங்கு சேர்த்தால் வளையும். 2023-ல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாகக் கார்டுக்கு 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தபோது தருமபுரிக்கும் நம் மாவட்டத்துக்கும்தான் முதலில் கொடுத்தார்கள். அதை வாங்கிக் கோழிக்குப் போடுகிற வீடுகள் எனக்குத் தெரியும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். பாலைவிட அதிகம், அரிசி பக்கத்திலேயே வராது. கோழி நன்றாகத்தான் இருக்கிறது.

அவித்த முட்டை, உரிக்காமல். உரித்து வைத்தால் நாறுகிறது என்று ஒதுக்குகிறார்கள், உரிக்காமல் கொடுத்தால் உரிப்பதே ஒரு விளையாட்டு.

பச்சைக் காரட். இதுதான் எனக்கு மிகவும் வயிற்றெரிச்சல். கேத்திப் பாலாடாவில் காரட்டை மலை மலையாகக் கழுவி மூட்டை கட்டிக் கீழே அனுப்புகிறார்கள். சென்னைப் பிள்ளை 'ஊட்டிக் காரட்' என்று கேட்டு வாங்கித் தின்கிறது. கழிவில் விழுகிற கோணல் காரட், ரெட்டைக் கால் காரட், சுண்டுவிரல் காரட்டெல்லாம் இனிப்பில் குறைந்ததில்லை, மாட்டுக்குப் போகிறது. ஆறிப்போனால் கெடாத, சூடாக்கவே வேண்டாத, பிசையவும் வேண்டாத பண்டம் நம் வீட்டு வாசலில் விளைகிறது. நறுக்கி உப்பும் எலுமிச்சையும் தடவி ஒரு சின்ன டப்பாவில் போடுங்கள். உங்கள் பட்டியலில் ப்ரோக்கோலி எழுதியவருக்கும் இதையே சொல்கிறேன். அதையும் நம் ஆட்கள் பயிரிடுகிறார்கள்தான். ஓட்டலுக்கு விற்பதற்கு. பறிக்கிற வீட்டிலேயே அது அடுப்பேறி நான் பார்த்ததில்லை.

சோறுதான் வேண்டும் என்கிற பிள்ளையும் உண்டு. என் மகனே அப்படித்தான். அதற்குச் சூடு தாங்குகிற டப்பா வேண்டும். வாங்க வசதி இருக்கிறவர்கள் வாங்கிவிட்டு, அதையும் தப்பாகப் பயன்படுத்துகிறீர்கள். சில்லென்ற டப்பாவுக்குள் சூடான சோற்றைப் போட்டால், டப்பா பாதிச் சூட்டைக் குடித்துவிடும். முதலில் கொதிக்கிற தண்ணீரை அதில் ஊற்றி மூடிப் பத்து நிமிஷம் வையுங்கள். பிறகு அதைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கிற சோற்றை இடைவெளி இல்லாமல் நிரப்பி உடனே மூடுங்கள். நம் ஊருக்கு இது ரொம்பவே முக்கியம். கோத்தகிரி 1,800 மீட்டர் உயரம், தண்ணீர் இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் அதற்கும் ஒன்றரை டிகிரி குறைவு. கீழே இருப்பவர்களுக்கு உள்ள நூறு டிகிரி நமக்குக் கிடையாது. தொடங்கும்போதே நாம் ஆறு டிகிரி கடனில் இருக்கிறோம். கொண்டைக்கடலை ஊற அங்கே எட்டு மணி நேரம் என்றால் இங்கே குளிருக்குப் பன்னிரண்டு, குக்கரில் அவர்களுக்கு நாலு விசில் என்றால் நமக்கு ஆறேழு. யூடியூபில் பார்த்துச் சமைக்கிற மருமகள்கள் வேகாத பருப்பை வைத்துக்கொண்டு அழுவது இதனால்தான். அவர்கள் கைமணத்தில் குறை ஒன்றுமில்லை. சூட்டு டப்பா இல்லாதவர்கள், கிழிந்த ஸ்வெட்டரின் கையை வெட்டி டப்பாவை அதற்குள் நுழைத்து இரண்டு பக்கமும் முடிந்து அனுப்புங்கள். சூடாக இருக்காது. கல்லாகவும் ஆகாது.

இனிக் குழுவுக்கு.

உங்கள் பட்டியலில் ஐந்து நாளுக்கும் பத்து வகை எழுதியிருக்கிறீர்கள். நம் பள்ளியில் தினமும் மதியம் சூடாக, அங்கேயே வெந்து, முட்டையோடு கிடைக்கிற ஒரு சாப்பாட்டை மட்டும் எழுதவில்லை. சத்துணவு.

1982 ஜூலை 1-ம் தேதி அது தொடங்கியபோது நான் இரண்டாம் வகுப்பு. எம்.ஜி.ஆர். படம் மாட்டிய கொட்டகையில் அலுமினியத் தட்டோடு உட்கார்ந்து, ஆவி மூக்கில் அடிக்கச் சாம்பார்ச் சோறு தின்றது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் காமராசர் காலத்திலேயே மதிய உணவு உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அறிந்தது இதைத்தான். குளிரில் ஒரு தட்டுச் சூடான சோறு என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இன்றைக்கு நம் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்துவரை காலை உணவும் உண்டு. 2022-ல் மதுரையில் தொடங்கியது, நம் பள்ளியைப் போன்ற ஊர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில் வந்தது. அந்தச் சின்னப் பிள்ளைகளிடம் கவனித்துப் பாருங்கள், சாயங்காலம் என் கடைக்கு ஓடி வருவது குறைவு. காலையில் உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ சூடாக உள்ளே போயிருக்கிறது, மதியமும் சூடு. ஓடி வருவது ஆறாம் வகுப்பிலிருந்து மேலே இருப்பவர்கள். அவர்களுக்குக் காலை உணவு கிடையாது. சத்துணவு பத்தாம் வகுப்புவரை உண்டு. ஆனால் ஆறாம் வகுப்பு வந்ததும் தட்டெடுத்து வரிசையில் நிற்பது கௌரவக் குறைச்சல் ஆகிவிடுகிறது. "எங்க வீட்ல டப்பா கட்டித் தருவாங்க" என்கிறார்கள். அந்த டப்பாதான் ஓடைக்கு வருகிறது. பக்கத்துக் கூடத்தில் முட்டை சூடாக இருக்கிறது.

இந்தக் கௌரவத்தைப் பிள்ளைகள் தாங்களாகப் படித்ததில்லை. போன வருஷம் ஒரு கூட்டத்தில் பெரிய மனிதர் ஒருவர், "வசதி இல்லாத பிள்ளைங்க மட்டும் சத்துணவு சாப்பிடட்டும்" என்று மைக்கில் சொன்னார். நல்லதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பார். அடுத்த நாள் வரிசையில் பதினோரு பிள்ளைகள் குறைந்ததாகச் சமையல் அக்கா என் கடையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் அம்மாவும் நீங்களும் வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டாலே போதும். ருசி பார்க்க ஒரு கரண்டி வாங்கிக் கையெழுத்துப் போடுவதை நான் சொல்லவில்லை. தட்டெடுத்து, உட்கார்ந்து, முழுதாக.

அதோடு வெந்நீர். கேட்பது பெரிய காரியமில்லை. சத்துணவுச் சமையல் முடிந்த அடுப்பில் ஒரு அண்டாத் தண்ணீர் வைத்தால், பன்னிரண்டே முக்காலுக்கு எல்லாப் பிள்ளைகளும் வெதுவெதுப்பான தண்ணீரில் கை கழுவலாம், டப்பாவை அடியோடு ஐந்து நிமிஷம் வெந்நீர்த் தட்டில் உட்கார வைக்கலாம். இறுகிய சோறு சூடுபட்டால் திரும்ப இளகும், அது மாவுச்சத்தின் குணம். கேஸ் செலவுக்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்பீர்கள். ஆண்டு விழா மேடைக்கு இந்த வருஷம் எவ்வளவு ஆனது என்று நான் கேட்கவில்லை.

மதிய இடைவேளை நாற்பது நிமிஷத்தில் குழாய் வரிசைக்கே பதினைந்து போகிறது. இதையும் கொஞ்சம் பாருங்கள். உட்காரவும் இடம் இல்லை. வடகிழக்கு மழை அடிக்கிற மாதங்களில் வராந்தா சிமெண்டில் சாரல். பெரிய பெண்கள் படிக்கட்டில் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள்.

மிச்சச் சோற்றைப் பள்ளிக்குப் பின்னால் கொட்டும் இடத்தைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். இப்போதைக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கத்து ஊர்ப் பள்ளியில் கரடி சத்துணவுக் கூடக் கதவை உடைத்து எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனது. கரடி காட்டிலிருந்து நேராகக் கதவுக்கு வரவில்லை. பல நாள் பின்பக்கக் குப்பையில் சாம்பார்ச் சோறு தின்று பழகி, ருசியின் மூலத்தைத் தேடி உள்ளே போனது. நம் பள்ளிப் பின்பக்கம் இப்போது பன்றியும் குரங்கும் வருகின்றன. விடிகாலையில் நான் கடை திறக்கும்போது காட்டுமாடு ஒன்று உங்கள் கொடிக்கம்பத்தடியில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். பிள்ளை தின்னாத டப்பா எங்கே போய் முடிகிறது பாருங்கள்.

மாலைக்கு வருவோம். நாலு பத்துக்கு மணி, கீழ் ஊர்களுக்குப் பஸ் ஐந்தேகாலுக்கு. மழை நாளில் ஆறும் ஆகும். பன்னிரண்டே முக்காலுக்கு அரை வயிறு தின்ற பிள்ளை வீடு போய்ச் சேர ஆறரை. அந்த ஒரு மணி நேரம் என் பெஞ்சில்தான். பாக்கெட் இல்லையென்றால் வர்க்கியும் டீயும். வர்க்கியை நான் குறை சொல்ல மாட்டேன், அது நம் மலையின் மானம். ஆனால் மைதாவும் கொழுப்பும் சர்க்கரையும்தான், விருந்தாளிக்கு வைக்கலாம், வளர்கிற பிள்ளைக்குத் தினம் ஆகாது. டீ அதைவிட யோசிக்க வேண்டியது. டீ விளைகிற ஊரில், டீ விற்கிற நானே இதைச் சொல்கிறேன். நம் வீடுகளில் மூன்று வயதிலேயே டம்ளரில் டீ பழக்கிவிடுகிறோம். தேயிலையின் துவர்ப்பு, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியிலும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம் என்று இருக்கிறது. பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை இரும்புச் சத்து மாத்திரை தருகிறீர்கள், வெளியே வந்ததும் நான் அவர்களுக்கு டீ ஊற்றுகிறேன். நீங்கள் ஒரு கையால் கொடுப்பதை நான் மறு கையால் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகையால் பாக்கெட்டோடு சேர்த்து, யூனிஃபார்ம் போட்டவர்களுக்கு டீயையும் நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். பால் வேண்டுமானால் தருவேன், சுக்குத் தட்டிப் போட்டு. அந்த இடத்தில் என்ன வைப்பது என்று ஒரு வாரமாகக் கணக்குப் போட்டேன். கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கரண்டி பத்து ரூபாய்க்குக் கட்டுபடியாகும். அவித்த நிலக்கடலை கட்டும். மழைக்காலத்தில் அந்த ஆவியைப் பார்த்தே பிள்ளைகள் வரும். பச்சைப் பட்டாணிக் காலத்தில் பட்டாணி. மரவள்ளிக் கிழங்கு குன்னூர்ப் பக்கத்துச் சந்தையில் வாங்கி அவித்தால் கட்டும், ஆனால் எல்லா நாளும் கிடைக்காது. கேழ்வரகுக் கூழ் கட்டும், பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள், பொய் சொல்லக் கூடாது. அதையே வெல்லமும் பாலும் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி 'ராகி மால்ட்' என்று போர்டு வைத்தால் குடிப்பார்கள். ஆடியில் பேரிக்காய், வெயில் காலத்தில் பிளம்ஸ். பொட்டுக்கடலையும் வெல்லமும் பேப்பர்ப் பொட்டலத்தில் ஐந்து ரூபாய். பாக்கெட்டைவிட லாபம் அதிகம்கூட. வேலைதான் அதிகம். பாக்கெட்டைக் கொக்கியில் மாட்டினால் போதும், சுண்டலுக்கு முந்தின நாளே எழுந்திருக்க வேண்டும்.

உங்களிடம் எனக்கு வேண்டியது இரண்டு. சுண்டலை வாழை இலைக் கிழிசலில்தான் கொடுப்பேன். பிளாஸ்டிக்கை இருபது வருஷத்துக்கு முன்னாலேயே விரட்டிய மாவட்டம் என்று பெருமை பேசுகிறோம், ஆனால் இந்தச் சரம்தான் கடைதோறும் தொங்குகிறது. அந்த இலைகளைப் பிள்ளைகள் ரோட்டில் போடாமல் கேட் பக்கம் ஒரு தொட்டி வையுங்கள், மூடியோடு. குரங்கு திறக்க முடியாத மூடி. இரண்டாவது, வளைவுக்கு அப்பால் இருக்கிற கடைக்கும் இதே தாளைக் கொடுங்கள். அது 50 மீட்டருக்கு வெளியே என்று எனக்கும் தெரியும், அளந்து பார்த்துவிட்டேன், 64. சட்டப்படி அவர் விற்கலாம். சட்டத்துக்காக இல்லாமல் ஒரு வார்த்தையாகச் சொன்னால் அவர் கேட்பார், அவர் பெண்ணும் எட்டாம் வகுப்பில்தான் படிக்கிறது.

நீங்கள் கொடுத்த பதினைந்து நாளில் ஆறு போய்விட்டது. இடது பக்கச் சரத்தை நேற்றே கழற்றிவிட்டேன். வலது பக்கம் இருப்பது காசு கொடுத்து எடுத்த சரக்கு, வேன்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பெரியவர்களுக்கு விற்றுத் தீர்த்துவிடுவேன். திங்கட்கிழமைக்கு நாலு கிலோ கொண்டைக்கடலை வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே ஊறப் போட்டுவிடுவேன். வெந்நீருக்கு அண்டா தேடி அலைய வேண்டாம். என் மகள் கல்யாணத்துக்கு வாங்கியது ஒன்று பரணில் இருக்கிறது, நாற்பது லிட்டர் பிடிக்கும். ஒரு காது கொஞ்சம் ஆடும், பற்றவைத்துக்கொள்ளலாம். தூக்குவதற்கு இரண்டு பேரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பள்ளிக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவள்,
கோத்தகிரி.